மின்னல் எச்சரிக்கை

ஃபேரர் பார்க் திடலில் அபாயச் சங்கு ஊளையிட்டது.
இருபத்திரண்டு பேரும் கூரைக்கு ஓடினோம்.
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் எதிரணி நெரிஸ்,
முப்பத்தொரு முறை வேல்ஸுக்கு ஆடியவள்,
இப்போது புக்கிட் தீமாவில் கணக்கு டீச்சர்.

அங்கே ஆட்டத்துக்கு ஒரு தொப்பி தருவார்களாம்,
குஞ்சம் வைத்தது.
அத்தனையும் அவள் அம்மா வீட்டுப் பரணில்.
ஒன்றில் பூனை குட்டி போட்டதாம்.

நான் ஒன்பது முறை.
சட்டையைத் துவைத்துத் திருப்பித் தரச் சொன்னார்கள்.
விடுப்புப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'நாடு' என்று எழுதினேன்.
'எந்த நாட்டுக்கு டூர்?' என்றார் சூப்பர்வைசர்.

நெரிஸ் சிரிக்கவில்லை.
இடது முட்டியைத் திருப்பிக் காட்டினாள்,
தையல் தடம்.
எனக்கு வலது.
'எத்தனையாவது நிமிடம்?'
எண்பது. ஜாலான் புசார் அரங்கு.
பார்த்தவர்கள் நாற்பது பேர் இருக்கும்,
அதில் ஐந்து பேர் என் சித்தி வீடு.
'எனக்குப் பயிற்சியில்' என்றாள்,
'கூம்புகளுக்கு நடுவே.
யாரும் பார்க்கவில்லை.'

மழை எங்கள் காலணிகள் வரை வந்துவிட்டுப் போனது.

நீண்ட ஒலி. ஆடலாம்.
முதல் பந்திலேயே என் காலை வாரினாள்.
நடுவர் பார்க்கவில்லை.
சேற்றைத் துப்பிவிட்டு எழுந்தேன்.
நான் பார்த்துக்கொள்கிறேன்.