விளக்கு இருந்த இடம்

முன்பணம் வந்த மறுநாள்
அளவுநாடாவோடு குன்றேறினேன்.
வால்பராய்சோவில் எந்தச் சுவரும் செங்குத்தில்லை;
தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால்
வீடே கொஞ்சம் கடலை எட்டிப் பார்க்கிறது.

மாடிப்படி சுற்றிப்போகும் வெற்றிடம்.
உச்சியில் கொக்கி,
கொக்கியில் பழைய பித்தளை விளக்கு.
"இதைக் கழற்றணும்" என்றேன்.
எதெல்மிரா கணவரைப் பார்த்தார்.
அபெலார்தோ, முப்பது வருடம் இழுவைப்படகு ஓட்டியவர்,
விளக்கைப் பார்த்தார்.
சரி என்றார்கள்.
சரி சொன்ன விதம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐந்து மாதம்.
உடைத்த கப்பலின் செம்புத் தகடு, எடை போட்டு வாங்கியது.
லாத்தாரோ பற்றவைத்தான், நான் தட்டினேன்.
தட்டத் தட்ட அது
பறவையாகப் பார்த்தது; விடவில்லை.
பாய்மரமாகப் பார்த்தது; அதையும் விடவில்லை.
கடைசியில் கொடியிலிருந்து காற்று உருவிப்போட்ட துணிமாதிரி
ஏதோ ஒன்றாக நின்றது.
அப்போதுதான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

நாற்பத்து மூன்று கிலோ.
நிலம் நடுங்கும் நாடு.
இம்மியும் அசையக்கூடாதென்று
நாலு பக்கமும் எஃகுக் கம்பி இழுத்துக் கட்டினேன்.
எனக்கே பெருமையாக இருந்தது அந்த முடிச்சுகளில்.

மூன்றாம் வாரம் தொலைபேசி.
"ரொம்ப அழகாக இருக்கிறது" என்று தொடங்கினார் எதெல்மிரா.
அழகில் தொடங்கும் புகார்
லேசில் முடியாது.

"நேற்று ராத்திரி கட்டில் நகர்ந்தது.
லாரியா, நிலநடுக்கமா, தெரியவில்லை.
நாற்பது வருஷமாக நாங்கள் விளக்கைத்தான் கேட்போம்.
கொஞ்சம் ஆடினால் திரும்பிப் படுப்போம்,
நிறைய ஆடினால் செருப்பைத் தேடுவோம்.
நேற்று இரண்டு பேரும் படியில் நின்று
உங்கள் சிலையையே பார்த்தோம்.
அது ஒன்றும் சொல்லவில்லை."

கம்பி வெட்டும் குறடோடு போனேன்.
ஒன்று. இரண்டு. மூன்றாவதை வெட்டும்போது
ஐந்து மாத உழைப்பு
கழுத்தை மெல்லத் திருப்பியது.
நாலாவதை வெட்டக் கை வரவில்லை.
அபெலார்தோ குறடை வாங்கி அவரே வெட்டினார்.
பிறகு கப்பல்காரர் முடிச்சொன்றை உச்சியில் போட்டு,
ஒற்றை விரலால் தள்ளிவிட்டு,
அது ஆடி அடங்கும்வரை
உதட்டசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

அதைப் பறவை என்றோ துணி என்றோ
அவர்கள் இதுவரை சொன்னதில்லை.
இன்று விடிகாலை நாலு பத்துக்கு
ஒரு குறுஞ்செய்தி:
"இரண்டு விரற்கடை.
செருப்பு தேவைப்படவில்லை."