விலக்குப் பட்டியல்

மண்டபம், தெற்குத் துறைமுகம்.
விசைப்படகு உரிமையாளர் சங்கம், மாடி அறை.
உப்பு தின்ற விசைப்பலகையில்
'ந' விழுவதில்லை.
நகரை மீன் கணக்கு முழுதும்
'கரை' என்றே பதிவாகியிருக்கிறது,
ஆறு மாதமாய்.

"விடியக்காலம் நாலு மணிக்கு,
டோக்கன் அச்சடிக்கிற நேரம் பாத்து
இந்த வைரஸ் சனியன் தோண்ட ஆரம்பிக்குது.
கீழ எண்பது இஞ்சின் உறுமுது,
மேல ஒரு வட்டம் சுத்துது."

அது வைரஸ் இல்லைங்க,
வைரஸைப் பிடிக்கிறது என்றேன்.
"ரெண்டும் நம்மளத்தானே நிறுத்துது?"
கணக்கர் அருளானந்துக்குப்
பதில் சொல்லாமல் அமைப்புகளைத் திறந்தேன்.

வரிசையாகக் கோப்புறைகள்,
ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சதுரம்.
டிக் இருந்தால் துழாவும்.
எடுத்துவிட்டால் கண்டுகொள்ளாது.

'டீசல் மானியம்': இருக்கட்டும்.
'புது ஃபோல்டர்', 'புது ஃபோல்டர் 2',
ஏழு வரைக்கும் போய் அத்தனையும் காலி.
'சங்கத் தேர்தல்': அவர் இருமினார். இருக்கட்டும்.
'பெனிட்டா கல்யாணம், முழு வீடியோ':
நாற்பது ஜிபி.
தினமும் நாலு மணிக்கு
இதற்குள்தான் பந்தி பந்தியாய்த் தேடியிருக்கிறது.
எடுத்தேன்.

அடுத்தது 'அக்கரை'.
அம்புக்குறி அதன்மேல் போனதும்
"அதத் தொடாதீங்க" என்றார்.
பிறகு,
"அதுல டிக்க எடுத்துருங்க. ஒருநாளும் அது உள்ள போகக் கூடாது."

பிடிபட்ட படகுகளின் எண்கள்.
ஆட்களின் ஆதார் நகல்கள்.
புத்தளத்து வக்கீல் அனுப்பும் சிங்களத் தாள்கள்.
போன மாதம் வந்த ஒன்றை
இந்த மென்பொருள் சந்தேகப்பட்டு
யாரிடமும் கேட்காமல் அடைத்துவிட்டது.
வாய்தா தேதி அதற்குள் இருந்தது.
இங்கிருந்து போக வேண்டிய பத்திரம் போகவில்லை.
ஐந்து பேருக்கு இன்னும் பதினாலு நாள்.
"அவங்க அங்க உள்ள.
தாளு இங்க உள்ள."

எனக்குத் தெரியும்,
ஆபத்தும் இந்த வழியாகத்தான் வரும்.
அறியாத முகவரி, பூட்டிய ஜிப், புரியாத எழுத்து.
படித்த பாடம் சொல்கிறது:
இப்படிப்பட்ட இடத்தை விலக்காதே.

இதே பாடத்தை உச்சிப்புளி செக்போஸ்ட்டிலும்
யாரோ படித்திருக்கிறார்கள்.
காலையில் எனக்கு முன்னால் நாலு ஸ்கூட்டர் போயின.
என் பை மட்டும் திறக்கப்பட்டது:
திருப்புளிகள், இரண்டு ஹார்ட் டிஸ்க்,
சோற்று டப்பா.
"ரொட்டீன்தாம்மா" என்றான் அந்தப் பையன்,
மரியாதையாகத்தான்.
எங்கோ ஓர் அறையில்
என் பெயருக்கு முன்னாலிருக்கும் சதுரத்தில்
ஒருவர் டிக் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போயிருக்கலாம்.

நேரத்தைப் பகல் ஒன்றுக்கு மாற்றினேன்,
சங்கம் சாப்பிடப் போகும் நேரம்.
'அக்கரை'யில் டிக்கை எடுக்கவில்லை.
அவர் முகம் மாறியது.
அதன் கீழே இன்னொரு வரி இருந்தது, காட்டினேன்:
கண்டால் அழிக்காதே, அடைக்காதே,
சொல்.

அடைபட்டவற்றைத் திறந்தேன். பதினொன்று.
ஒன்று நிஜமான விஷம்,
கூரியர் ரசீது வேஷத்தில்.
எட்டு, வெறும் எழுத்துருக்கள்.
ஒன்று டோக்கன் மென்பொருளின் சொந்தத் துண்டு.
மிச்சம் ஒன்றை மீட்டெடுத்தோம்.
திரையில் வளைந்து வளைந்து நின்றது ஒரு பக்கம்.
இருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.
எண்களை மட்டும் படித்தோம்.
தேதி கடந்திருந்தது.
ஆனாலும் இரண்டு பிரதி எடுத்தார்,
ஓரம் மடங்காமல் கோப்பில் வைத்தார்.

ரசீதையும் அவரே தட்டினார்:
'ருகையா சர்வீஸ், கீழக்கரை. ரூ. 600.
ன்றி.'

பலகை மாற்ற அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.
படி இறங்கினேன்.
பையின் ஜிப்பை இழுத்து மூடவில்லை.
திரும்பும் வழியும் உச்சிப்புளிதான்.