குடையையும் எடுத்துவிடு

அக்கா ஜிவிலே அனுப்பிய படம்
நிடாவில், காயல் ஓரம் எடுத்தது.
இரண்டாயிரத்து நாலு, ஜூலை.
ஸ்கேன் செய்தபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த முடி ஒன்று
வானத்தில் கோடாக விழுந்திருக்கிறது.
கூடவே ஒரு வரி:
"அவனை மட்டும் எடுத்துவிடு. புது வீட்டுச் சுவருக்கு வேண்டும்."

அவன் என்றால் தௌமந்தாஸ்.
பதினோரு வருஷம் எனக்கு அத்தான்.
பெயரைச் சொல்லாமலிருக்க அக்கா பழகிவிட்டாள்.
நான் இன்னும் பழகவில்லை.

கிளைபேடா படகுத்துறையில் எனக்கு இரவு வேலை.
கடைசிப் படகு போனபின் டிக்கெட் ஜன்னலை இழுத்து மூடினால்
விடியும்வரை நானும் ஹீட்டரும்தான்.
இலவச மென்பொருள். காசு கேட்காது,
பதிலுக்குப் பொறுமையைக் கேட்கும்.
மெனுவில் பாதி லிதுவேனியம், பாதி ஆங்கிலம்.
மொழிபெயர்த்த புண்ணியவான்
நடுவில் எழுந்து போயிருக்கிறார்.
மூன்று முறை தானாக மூடிக்கொண்டது.
மூன்று முறையும் முதலிலிருந்து.

முடியை எடுத்தேன். அது சுலபம்.
குணமாக்கும் தூரிகை என்று ஒன்று இருக்கிறது,
ஒரு தடவு தடவினால் வானம் ஆறிவிடுகிறது.

ஆளை எடுப்பது வேறு.
ஆளை அழித்தால் அங்கே ஓட்டை.
ஓட்டையை அடைக்க அக்கம்பக்கத்தில் கடன் வாங்க வேண்டும்.
அவன் கால்களுக்கு இடப்பக்கத்து மணல்,
மார்புக்கு மீன் புகைபோடும் கடையின் பலகைச் சுவர்,
முகத்துக்கு...
முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.
ஏதோ சொல்ல வாயெடுத்த முகம்.
அனேகமாக விலாங்கு மீனின் விலையைப் பற்றி.

முகமும் போனது. கையும் போனது.
கறுப்புக் குடை அந்தரத்தில் நின்றது,
பிடிக்க ஆளில்லாமல்,
ஆனாலும் பிள்ளைகள் தலைக்கு நேர் மேலே.

எழுதிக் கேட்டேன்.
இரவு இரண்டு மணிக்கும் அக்கா விழித்திருந்தாள்.
"குடையையும் எடுத்துவிடு."

எடுத்தேன்.
அருமை என்றாள். சட்டம் போட்டு மாட்டியும்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கௌனாஸிலிருந்து ரோகாஸ் வந்தான்.
கூரை போடுகிறவன்,
எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் ஒழுகலைப் பார்க்கிறவன்.
சூப் கிண்ணத்தோடு படத்தின் முன் நின்றான்.
வெகுநேரம் நின்றான்.
"சித்தி, மழை பெய்கிறதே."

பெய்தது. சாய்வாக, வெள்ளைக் கீறல்களாக,
படம் முழுக்க.
ஓரத்தில் அக்கா, சட்டை தோளோடு ஒட்ட
(அப்போதே குடைக்கு வெளியேதான் நின்றிருக்கிறாள்).
நடுவில் ஒன்பது வயது ரோகாஸ், ஆறு வயது உக்னே,
தலைமுடி காற்றில் பறக்க
மாவு மாதிரி உலர்ந்து.

"நாங்கள் ஏன் நனையவில்லை?"

அக்கா உப்பு எடுக்கப் போனாள்.
உப்பு மேசையிலேயே இருந்தது.

அன்றிரவு பிள்ளைகளை நனைத்துப் பார்த்தேன்.
முடியைக் கறுப்பாக்கி நெற்றியில் ஒட்டினேன்.
எண்ணெய் வைத்தது போலிருந்தது.
மழை அப்படி வராது.

அவன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
அந்தக் குளிர்காலத்தில் என்னென்ன செய்தான் என்று எனக்கும் தெரியும்,
அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனது நான்.
ஆனால் எண்ணூறு சதவீதம் பெரிதாக்கி
புள்ளி புள்ளியாக அழித்தவளுக்கு
இன்னொன்றும் தெரியும்:
அவனுடைய வலது தோள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.
குடையைச் சாய்த்துப் பிடித்திருந்தான்.
அவ்வளவுதான். அன்றைக்கு, அந்த ஒரு நொடி.

ரோகாஸ் செய்தி அனுப்பினான். மென்பொருளை இறக்கிவிட்டானாம்,
கோப்பை அடுக்குகளோடு கேட்டான்.
அனுப்பினேன். உண்மையில் நான் எதையும் அழிக்கவில்லை,
அடியில் ஓர் அடுக்கில் அவன் அப்படியேதான் இருக்கிறான்,
கண்ணை மூடி வைத்ததோடு சரி.

"எங்கே அழுத்த வேண்டும்?"
வலப்பக்கம், சின்னக் கண் படம் இருக்கும்,
மேலிருந்து மூன்றாவது.

மணி மூன்றரை. பதில் இல்லை.
அவனுக்கும் தானாக மூடிக்கொண்டிருக்கும்.