மூக்கு வைத்த ஒன்று

கொழும்புத் துறைமுகத்தில் பதினேழு நாள்,
நாள் வாடகை ஏற ஏற
உப்புக்காற்றில் நின்றது என் வான்.
எழுபத்தொன்பதாம் ஆண்டில் பிறந்தது.
கீழே முட்டைமஞ்சள், மேலே வெள்ளை.
உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு தண்ணீர்த்தொட்டி,
மடித்தால் இருக்கை, விரித்தால் கட்டில்,
கூரையை உயர்த்தினால்
இன்னும் ஒருவர் படுக்கலாம்.

பயணிகள் வாகனமா, சரக்கு வாகனமா?
படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
படுக்கிற வாகனம் என்றேன்.
ஏஜெண்ட் நசார் சிங்களத்தில் சொன்னார்.
அம்புலன்ஸா என்று கேட்டார் அதிகாரி.
இல்லை.
அப்படியென்றால் பிரேத வண்டியா?
அவர் பகிடி விடவில்லை.
வரி வீதம் பார்க்கத்தான் கேட்டார்.

ஸ்டியரிங் இடப்பக்கம்.
அதற்கு ஒரு விசேட அனுமதி,
அந்த அனுமதிக்கு ஒரு கடிதம்,
கடிதத்துக்கு ஒரு முத்திரை,
முத்திரைக்காரர் லீவில்.
ஏ நைன் வீதியில் ஒரு லொறியை முந்த
வலப்பக்கம் இருந்த மச்சாள் றெஜினா
தலையை வெளியே நீட்டிப் பார்த்து
"இப்ப போ" என்பாள்.
மாங்குளம் தாண்டும்வரை
அவளும் ஓட்டினாள், நானும் ஓட்டினேன்.

யாழ்ப்பாணக் கச்சேரி. வேப்பமர நிழல்.
பரிசோதகர் தேவறூபன்
பின்மூடியைத் திறந்து, பற்றரிக்குப் பக்கத்தில்
தூசியைத் துடைத்து,
வெள்ளைத்தாள் ஒட்டி
பென்சிலைப் படுக்கப் பிடித்து உரசினார்.
கரியிலிருந்து ஒவ்வொன்றாக
எழும்பி வந்தன இலக்கங்கள்.
அந்த உலோகத்தில் இத்தனை காலம்
ஒருவரும் தடவிப் பார்க்காத ஓர் இடம்.

"வண்டியிலை ஒண்டு. கடதாசியிலை ஏழு.
சட்டப்படி இது வேறை வண்டி, அக்கா."

ஜேர்மன் பத்திரத்தை நீட்டினேன்.
நீல மையில், சரிந்த கையெழுத்தில்.
"இதுவும் ஏழுதானே?"

"இல்லைத் தம்பி.
அங்கை ஒண்டுக்கு மூக்கு வைப்பினம்.
ஏழெண்டால் இடுப்பிலை ஒரு கோடு கட்டுவினம்."

அவர் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.
கிட்டப் பிடித்துப் பார்த்தார்.
பிறகு அந்த மூக்கை
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி.
ஏழென்று பதியப்பட்டது ஒன்றே என்று.
அதற்கு முதல் இன்னொன்று:
கடவுச்சீட்டில் உள்ள எமில்டா சவிரிமுத்துவும்
பிறப்புச் சான்றிதழில் உள்ள சவிரிமுத்து எமில்டாவும்
ஒரே ஆள்தான் என்று.
டோட்மண்டில் முப்பத்தொரு வருசம்
வைத்தியசாலையிலும் வங்கியிலும்
அப்பாவின் பெயரைக் கூப்பிட
நான் எழும்பிப் போனேன்.
அதைத் திருத்தும்படி
எந்தக் கந்தோரும் கேட்கவில்லை.

ஒப்பம் வைத்துத் திகதி போட்டேன்.
"பதினேழோ?" என்றார் நீதவான்.
பதினொன்று.
என் கையும் மூக்கு வைக்கிற கைதான்.
அடித்து, மேலே எழுதி,
அடித்ததற்கும் ஒரு சின்ன ஒப்பம்.

ஆறு கிழமை.
இரண்டு தரம் கொழும்புக்குப் பேருந்து.
இலக்கத்தகடு வந்த அன்று
அதைத் துணியில் சுற்றி, மடியில் வைத்து
ஆட்டோவில் வந்தேன்.
நாலு திருகாணி. ஒன்று மரை செத்தது.

பின்னேரம், குருநகர் இறங்குதுறை அருகே
வீதியோரம் நிறுத்தினேன்.
கேத்திலுக்குத் தண்ணீர் வைத்துக்
கதவை இழுத்துத் திறந்தேன்.
வலப்பக்கத்தால் போகிற நாட்டுக்குச் செய்த கதவு.
இங்கே அது
நடுவீதிக்குத் திறக்கிறது.

மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள் ஒன்று
கிறீச்சிட்டு நின்றது.
வாயில் வந்ததெல்லாம் சொன்னான்.
சொல்லி முடிய, உள்ளே எட்டிப் பார்த்தான்.
அடுப்பை, திரைச்சீலையை,
கொதிக்கத் தொடங்கிய கேத்திலை.

"இதுக்குள்ளை குசினி இருக்கு?"
"ஓம்."
"கட்டில்?"
"இருக்கு."
"கக்கூஸ்?"
"இல்லை."

"பிறகென்ன வீடு" என்று
கிளச்சை விட்டான்.
பெட்டியிலிருந்து ஐஸ்தண்ணி சொட்டிக்கொண்டே
போனது.