ஹயர் இல்லாத ஞாயிறு

சித்திரை பிறக்க இன்னும் ஒன்பது நாள்.
அப்புத்தளைச் சந்தியில் வேன்கள் இறக்கும் கூட்டத்துக்கு
என் ஓட்டோ ஒன்று போதாது.
போன வார மழைக்குக் கொழுந்து வெடித்துக் கிடக்கிறது,
யோகமலருக்கு ஞாயிறும் கைக்காசு வேலை.
பூக்கிற மாதமாம்.
எங்கள் வீட்டில் அது
இருட்டிய பிறகு மட்டும் முகம் பார்த்துக்கொள்கிற மாதம்.

சனி இரவு, பாயில் புரண்டபடி டிலானி கேட்டாள்:
"அப்பா, எல்லாரையும் கூட்டிட்டுப் போறீங்களே,
மேல என்னாதான் இருக்கு?"
பதினொரு வருஷமாக ஏறி இறங்குகிற பாதை.
அவளுக்கு எட்டு வயது.
போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன்.
யோகமலர் ஒன்றும் சொல்லவில்லை.
நாளைக்கென்று வைத்திருந்த அரைத் தேங்காயையும்
எடுத்துத் துருவத் தொடங்கினாள்.

விடியலில் பின்சீட்டில் மூன்று பேர்,
ரொட்டி, கட்டச்சம்பல், பிளாஸ்க்கில் சாயத்தண்ணி.
கெவின்ராஜ் மஞ்சள் பந்தொன்றை மடியில் வைத்திருந்தான்.
இந்தச் சரிவில் பந்து எதற்கென்று
யாருமே கேட்கவில்லை.
"எவ்வளவு கேப்பீங்க?" என்றாள் யோகமலர்,
இல்லாத கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
"போக வர ரெண்டாயிரம், மேடம்."
"கூட."
"ஆயிரத்தி எண்ணூறு."
"நான் எறங்கி நடக்கிறேன்."
பிள்ளைகள் சிரித்ததில் ஓட்டோ ஒரு பக்கம் சாய்ந்தது.

பழக்கதோஷம். முதல் வளைவில் வாய் தானாகத் திறந்தது:
"இந்தப் பக்கம் பாருங்க, வானம் தெளிஞ்சா கடல் தெரியும்..."
"அது பதினாலாம் நம்பர் மலை," என்றாள்.
"அந்தக் கானுலதான் போன மாசம் சறுக்கி விழுந்தேன்."
அடுத்த வளைவில் நான் காட்டிய அருவிக்குப் பக்கத்தில்
அவள் ஒரு குளவிக்கூட்டைக் காட்டினாள்.
நான் வியூ என்று சொன்னதற்கெல்லாம்
அவளிடம் ஒரு நம்பர் இருந்தது.
அதற்குப் பிறகு கியரை மட்டும் மாற்றினேன்.

உச்சியில் மூடுபனி.
ஐந்தடிக்கு அப்பால் உலகம் முடிந்திருந்தது.
"இதுதானா?" என்றாள் டிலானி,
காசைத் திருப்பிக் கேட்கிற முகத்தோடு.

பாதி இறக்கத்தில் யோகமலர்தான் நிறுத்தச் சொன்னாள்.
பாதைக்குக் கீழே வேரூன்றிய ஜக்கரண்டா,
அதன் தலை மதகின் மட்டத்துக்கு வந்து நின்று பூத்திருந்தது,
அண்ணாந்து பார்க்க வேண்டாத பூமரம்!
எத்தனை முறை ஹாரன் அடித்துக் கடந்திருப்பேன்.
சாக்கை விரித்து
மேல்மலைத் தேயிலைக்கு முதுகைக் காட்டி,
கீழ்மலையை ஊதாப்பூ மறைத்த பக்கமாக
அவள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.
சாயத்தண்ணி ஆறும்வரை
மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து எட்டிப் பறித்தாள்.
இரண்டிரண்டு பூவாய், இரண்டு கையாலும்,
பார்க்காமலே தோளுக்குப் பின்னே எறிந்தாள்.
முதுகில் கூடை இல்லை.
பூவெல்லாம் தாரில் விழுந்தது.
அவள் கவனிக்கவில்லை, நான் சொல்லவுமில்லை.
டிலானிதான் ஓடிப்போய்ப் பின்னால் நின்று
சட்டையை விரித்துப் பிடித்தாள்.
திரும்பியவள் கையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்,
"அடி, நெறுத்துப் போட்டுருவாங்க ஒன்ன!" என்று
குனிந்து குனிந்து சிரித்தாள்.
கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு,
கொஞ்சம் இருமல் சேர்ந்து.

அந்த நேரம் பார்த்து
பந்து மதகைத் தாண்டிப் போனது.
தேயிலைக்குள் மஞ்சளாய் நாலு துள்ளல்,
அதோடு காணோம்.
கெவின் உதட்டைப் பிதுக்கினான்.
"எட்டாம் நம்பர்தான். நாளைக்கு அங்கதான் எடுக்கிறோம்,
கொண்டாறேன், அழாத."

போனைத் திறந்தபோது பதினேழு அழைப்புகள்.
வீடு சேர்ந்துதான் திறந்தேன்.

திங்கள் இருட்டிய பிறகு வந்தாள்,
கூடைக்கு அடியில் பந்து.
தராசில் ஏற்றும்போது கணக்கப்பிள்ளை கண்டுவிட்டாராம்.
"இது என்னா கொழுந்து?" என்று கேட்டாராம்.
என்ன சொன்னாய் என்றேன்.
"நேத்து எடுத்ததுன்னேன்."