எட்டாவது தூண்

என் கல்யாணம் நாற்பது பக்கம்,
மூன்று கிலோ, மேலே வெல்வெட்.
இருபத்தெட்டாம் பக்கத்தில் வளவு:
பங்காளிகள் வரிசையாக,
நடுவில் கழுத்துருவின் பாரத்தில்
சற்றே குனிந்த நான்.

பிள்ளைக்குச் சோறூட்டும்போது
காக்காய்க்குப் பதில் தூண் காட்டினேன்.
ஒண்ணு, ரெண்டு, மூணு...
எட்டு.

அந்தப் பத்தியில் ஏழுதான்.
அந்த ஏழில் ஒன்று கிழித்த தையல்
இன்னும் என் புருவத்தில் இருக்கிறது,
எனக்குத் தெரியாதா?

பென் டிரைவ் கைக்கு வர ஒன்றரை வருடம்.
பாக்கி பதினாலாயிரம் கட்டும்வரை
சவரிமுத்து அனுப்பிய படங்களில்
அவர் ஸ்டுடியோவின் பெயர்
திருப்பூட்டும் கைகளுக்குக் குறுக்கே
சாம்பல் எழுத்தில் படுத்துக் கிடந்தது,
மாப்பிள்ளையைவிட நெருக்கமாக.

பெயர் போன படத்தைத் திறந்தேன்.
எட்டாவது தூண் இல்லை.
அங்கே சேவுகன் நிற்கிறான்.

பெரியப்பா மகன்.
முகப்பில் தனக்கும் பங்கு என்று
தேவகோட்டைக் கோர்ட்டுக்குப் போனவன்.
பத்திரிகை வைக்காமலே வந்தான்,
மொய் எழுதினான், சாப்பிடவில்லை.
படம் எடுக்கிறார்கள் என்றதும்
ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டான்,
ஒரு தோள் படத்துக்கு வெளியே.

காரைக்குடி, செக்காலை ரோடு.
லேபில் பரக்கத் நிஷா
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"நல்ல கேமராக்கா. எடுத்தவர்ட்ட
ஒரு வார்த்தை கேட்டுருங்க,
நாளைக்கு எங்க மேல பாய்வாங்க."

போன் போட்டேன்.
எந்தப் படம் என்று சொன்னதும்
சவரிமுத்து கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் எங்கோ பிரஷர் குக்கர் கத்தியது.

"அந்தத் தூணுக்கு ஒரு ராத்திரி ஆச்சும்மா.
நிழல் கடைசிவரை சரியா விழல.
உங்க சித்தப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தாரு."
அப்புறம்,
"போட்டுக்கோங்க, எத்தனை வேணும்னாலும்.
பின்னாடி என் சீல் மட்டும் வேணாம்."

அஞ்சுக்கு ஏழில் பதினோரு சட்டம்
முன்னமே வாங்கி வைத்திருந்தேன்,
தள்ளுபடியில்.
"அந்த சைஸுக்கு ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும்க்கா.
இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

இந்தப் பக்கம் சேவுகன்.
அந்தப் பக்கம் சித்தப்பா,
வேட்டி நுனியை இடக்கையில் பிடித்தபடி.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.
நான் யோசித்த நேரத்தில்
மெஷின் யாரோ ஒரு மீசைக்காரரை
பாஸ்போர்ட் அளவில் எட்டு தடவை
பெற்றுப் போட்டது.

"வெட்டாம வராதா?"
"வரும். மேலயும் கீழயும் வெள்ளை விழும்.
பாக்க நல்லாருக்காது."

நல்லா இல்லாமல் பதினோரு காப்பி.
ஒன்று பதினெட்டு ரூபாய்.
சில்லறைக்குப் பதில் பரக்கத்
ஒரு சின்னக் கவர் தந்தாள்,
நான்கு பேர் சிரிக்கும் விளம்பரக் கவர்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து
ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதினேன்,
இடமிருந்து வலமாக, விலாசம் எழுதுவது மாதிரி.
பேனா வழுக்குகிற தாள்.
மெய்யாத்தாள் பெயரில் மை இழுகிவிட்டது.
கடைசிப் பெயர் எழுதும்போது மட்டும்
கை தானாகப் பெரிய எழுத்தில் எழுதியது.

சித்தப்பாவுக்கு ஒன்று.
வாங்கினார், கண்ணாடி தேடினார்,
கிடைக்கவில்லை என்றார்.
கண்ணாடி நெற்றியில் இருந்தது.

சேவுகனுக்குக் கூரியரில் போனது.
மூன்று நாள் எதுவும் இல்லை.
நான்காம் நாள் ராத்திரி வாட்ஸாப்பில்:

"ஆச்சி, வாய்தா பதினாலாம் தேதி.
அதை நான் விடப்போறதில்ல.
சட்டையில பட்டன மாத்திப் போட்டிருக்கேன் பாரு,
ஒருத்தராவது சொன்னீங்களா?"