ஹிலோவில் ஏழாவது இன்னிங்ஸ்

இந்த ஊர் மழைக்கு நேரங்காலம் கிடையாது.
கடையின் தார்ப்பாயை
நாங்கள் மடிப்பதே இல்லை.

என் வேலை ஓட்டை போடுவது.
ரொட்டியைக் கத்தியால் பிளந்தால்
நொஹெயாவுக்குப் பிடிக்காது.
"வாய் பிளந்த ரொட்டி
எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளாது" என்பாள்.
ஆகவே பழுக்கச் சுட்ட இரும்புக் கம்பியில்
ஒவ்வொன்றாய்ச் செருகி எடுக்கிறேன்.
ஒரு முனை திறந்து, மறுமுனை மூடி,
உட்சுவர் மட்டும் முறுகிச் சிவந்த
கையளவுக் கிணறு.

முதலில் பூண்டும் எலுமிச்சையும் அரைத்த சாறு.
கிணற்றின் அடிவரை போக வேண்டும்,
கடைசிக் கடிக்கும் மிச்சம் இருக்க வேண்டும்.
அடுத்தது லிலிகோய்க் கடுகு.
லிலிகோய், வேலியில் தானாய்ப் படர்ந்து
மஞ்சள் முட்டைகளாய் உதிரும் பழம்.
இங்கே யாரும் அதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை,
விடிந்ததும் குனிந்தால் போதும்.
அதன் புளிப்பு கடுகோடு மல்லுக்கு நின்று
மூக்கு நுனியில் ராசியாகும்.
பிறகுதான்
தணலில் தோல் வெடித்த தொத்திறைச்சி,
உறைக்குள் வாள் போல் உள்ளே.

"மேலே என்ன? மாம்பழமா, தேங்காயா, அன்னாசியா?"
ஓர் இரவில் நூறு முறை கேட்கிறேன்.
பதிலை வைத்து ஆளை எடைபோட்ட காலமும் உண்டு.
அன்னாசி என்பவர் நேற்று விமானத்தில் வந்தவர்.
மாம்பழம் என்பவர் வீட்டில் மரம் இல்லாதவர்.
தேங்காய் என்பவர் சொந்தப் பல்லை நம்புகிறவர்.

நொஹெயா அன்னாசியை அரிவாள், தொடமாட்டாள் வாயால்.
அவள் வீட்டுப் பெண்கள் மூன்று பேர்
டின் ஆலையில் நின்றவர்கள்.
ஒருமுறை கேட்டுவிட்டேன்.
"அது எங்கள் விரல்களைத் தின்றது.
தின்னட்டும். அதற்காக நானும்
அதைத் தின்ன வேண்டுமா?" என்றாள்.
வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள்.

வியாழக்கிழமை.
மீன் சந்தை அணியும் தீயணைப்பு அணியும்
நாலுக்கு நாலு. ஏழாவது இன்னிங்ஸ்.
கவிகா சேற்றில் வழுக்கிக்கொண்டே வந்து
வீட்டுத் தளத்தைத் தொட்டான்,
அல்லது தொடவில்லை.
"அவுட்" என்றார் டக்கெமோட்டோ.
சொல்லி வாய் மூடுவதற்குள்
வானம் தொப்பென்று விழுந்தது.

இரண்டு அணி, ஒரு தார்ப்பாய்.
முப்பது ஈர முதுகுகள் என் அடுப்பைச் சுற்றி.
யாரும் பேசவில்லை, எல்லோருக்கும் பசி.
நான் குத்தினேன், குத்திக்கொண்டே இருந்தேன்.
மாம்பழம் தீர்ந்தது. தேங்காய் தீர்ந்தது.
வரிசையில் நடுவருக்குப் பின்னால்
கவிகா,
முழங்கையில் ரத்தமும் மண்ணும்.

டக்கெமோட்டோ கடித்தார்.
மூடிய முனையில் கடித்திருக்கக் கூடாது.
கடுகும் சாறும் பின்வழியாய்ப் பீய்ச்சி
கவிகாவின் சட்டையில், ஏழாம் எண்ணின் மேல்,
மஞ்சளாய் ஒரு கோடு.

தார்ப்பாயே மூச்சை நிறுத்தியது.

கவிகா குனிந்து பார்த்தான்.
விரலால் வழித்தான், நக்கினான்.
"இது சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.
நான்தான் விழவில்லை, இல்லையா?"
நடுவர் மென்றார், நெடுநேரம் மென்றார்.
மீசையில் அன்னாசித் துண்டு ஒன்று ஆடியது.
"உண்மையைச் சொன்னால்
மழை கண்ணில் அடித்தது, தம்பி."

சிரிப்பு எந்த அணியில் தொடங்கியது
என்று கேட்காதீர்கள்,
புகை என் கண்ணில் அடித்தது.

மழை விட்டபோது மணி பத்தரை.
ஒருவரும் மைதானத்துக்குத் திரும்பவில்லை.
பலகையில் நாலுக்கு நாலு
ஈரத்தில் வழிந்துகொண்டிருந்தது.

பாத்திரங்கள் கழுவும்போது
அன்னாசிக் கிண்ணத்தின் அடியை
நொஹெயா ஒரு விரலால் வழித்தாள்.
நான் கம்பியைத் துடைப்பதுபோல் நின்றேன்.
நாக்கில் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு போதவில்லை" என்றாள்.
"இத்தனை நாளாய் ஒருத்தரும் சொல்லவில்லையே."